வடக்குப் பக்கம் வைக்க வேண்டிய ஓக்

டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருந்தார். "எங்கள் தெருவோரம் வரிசையாக நிற்கிற மரத்தை ஓக் என்கிறார்கள். ஜனவரி வந்தும் பச்சை மாறவில்லை. ஓக் என்றால் குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும் மரம்தானே? இதை வீட்டில் ஒன்று வைக்கலாமா? என் மகள் பை நிறையக் கொட்டை பொறுக்கி வைத்திருக்கிறாள், அதைச் சென்னைக்குக் கொண்டுபோய் நட்டால் வருமா?" கூடவே ஒரு இலையின் படமும் வைத்திருந்தார். படம் வந்ததால் வேலை சுலபமாகிவிட்டது.

அது ஷிராகாஷி. தாவரவியல் பெயர் குவெர்கஸ் மிர்சினிஃபோலியா. ஓக்தான், சந்தேகமே வேண்டாம். ஜப்பானியர்கள் ஓக் இனத்துக்கு ஒரே பெயர் வைத்துக்கொள்ளவில்லை. இலை உதிர்ப்பவை நாரா, உதிர்க்காதவை காஷி. மேல்நாட்டு ஓக் நாற்காலி, மேசைகளை ஜப்பானில் நெடுங்காலம் காஷி என்றே மொழிபெயர்த்து வந்தார்கள். அந்த மரமெல்லாம் உண்மையில் நாரா வகையோடு சேர வேண்டியவை. இந்தக் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை. காஷி என்ற எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் "மரம்", மறுபக்கம் "கடினம்". ஷிரா என்றால் வெள்ளை. பட்டை கருப்பாக இருக்கும் மரத்துக்கு ஏன் வெள்ளை என்று பெயர் என்றால், அறுத்த பலகை வெளுப்பு. இதன் உறவான அகாகாஷியின் பலகை சிவப்பு. பெயர் வைத்தவர் தச்சராகத்தான் இருக்க வேண்டும்.

நம் ஊரில் ஓக்கைப் பார்த்திராதவர்களும் அதைத் தொட்டிருப்பார்கள். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் நினைவிருக்கிறதா? அது காயே இல்லை. துருக்கி, ஈரான் பக்கம் வளரும் ஒரு ஓக் மரத்தில் சிறு குளவி முட்டையிட, அந்த இடத்தில் மரம் உருட்டி வைக்கும் வீக்கம். நாட்டு மருந்துக் கடையில் அதை வாங்கும்போது நாம் ஓக்கைத்தான் வாங்குகிறோம். தமிழ் பைபிளில் அப்சலோம் சிக்கிக்கொள்ளும் "கர்வாலி மரம்" என்பதும் இதே குடும்பத்தைக் குறிக்க வந்த சொல்தான். மற்றபடி தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக ஓக் கிடையாது. இமயமலைக்கோ வடகிழக்கு மலைகளுக்கோ போனால்தான் கிடைக்கும். ஷிராகாஷியின் நெருங்கிய சொந்தமான அராகாஷி, இமயத்தில் தொடங்கி ஜப்பான் வரை பரவிய மரம். குமாவுன் மலைக்காரர்கள் அதை ஃபலியாந்த் என்பார்கள்.

ஷிராகாஷியை அடையாளம் காண இலை போதும். விரல் நீளத்துக்கு, மூங்கில் இலையைக் கொஞ்சம் அகலமாக்கியதுபோல ஒல்லியாக இருக்கும். ஓரத்தில் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரைக்கும் மெல்லிய ரம்பப் பல், திருப்பினால் சாம்பல் பச்சை. அராகாஷிக்கு இலை அகலம், பல் நுனிப் பாதியில் மட்டும். கொட்டையைப் பார்த்தால் இன்னும் உறுதியாகும். ஐரோப்பிய ஓக் கொட்டையின் கிண்ணம் செதில் செதிலாக இருக்கும். இதன் கிண்ணத்தில் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், குயவர் சக்கரத்திலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவிலுள்ள ஒரு பெரிய ஓக் பிரிவுக்கே இந்த வளையக் கிண்ணம்தான் அடையாளம்.

சரி, நகரத்துக்கு ஏன் இது? இதற்கு டோக்கியோவின் குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குளிர் என்றால் ஈரமும் மூடுபனியும்தான் மனதில் வரும். டோக்கியோ சமவெளியின் குளிர் காய்ந்த குளிர். ஜப்பான் கடலிலிருந்து வரும் காற்று மலையைத் தாண்டும்போது பனியை மறுபக்கம் கொட்டிவிட்டு, வெறும் வறட்சியோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. குன்மா மாவட்டத்தில் இதற்குக் காராக்காஸே என்று பெயர், "வெறுங்காற்று" என்று வைத்துக்கொள்ளலாம். வயல் மண்ணையும் கிளப்பிக்கொண்டு வரும். பழைய பண்ணை வீட்டுக்காரர்கள் வீட்டின் வடக்கிலும் மேற்கிலும் ஷிராகாஷியை நெருக்கி நட்டு, கூரை உயரத்துக்கு வளரவிட்டு, சுவர்போலத் தட்டையாகக் கவாத்து செய்து வைத்திருப்பார்கள். காஷிகுனே என்று பெயர். உயிர்வேலி என்று சொன்னால் போதாது, அது உயிர்மதில்.

ஒரு ஜனவரி மாலை அப்படி ஒரு மதிலின் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கம் கண்ணைத் திறக்க முடியவில்லை, தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. சுற்றி உள்ளே வந்தால், முற்றத்தில் ஒரு பாட்டி மூங்கில் தட்டில் முள்ளங்கிச் சீவலைக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டுகூடப் பறக்கவில்லை. தலைக்கு மேலே மட்டும் இலைகளின் சலசலப்பு. செங்கல் சுவர் என்றால் காற்று மோதி, மேலேறி, உள்ளே சுழன்று விழும். இலைச் சுவர் காற்றைச் சல்லடைபோல வடிகட்டித் தளர்த்திவிடுகிறது. இலையுதிர் மரத்தால் இந்த வேலை ஆகாது, தேவைப்படும் மூன்று மாதமும் அது மொட்டையாக நிற்கும்.

காற்று காய்ந்தால் அடுத்த பயம் நெருப்பு. மரத்தாலான வீடுகளுக்கு நடுவே பசுமை மாறாத மரங்களை நடுவதற்கு அதுவும் ஒரு காரணம். தடித்த, நீர் நிறைந்த இலை சட்டென்று பற்றாது, அனலையும் தடுக்கும். 1923 செப்டம்பர் 1 கான்டோ (டோக்கியோவைச் சுற்றிய வட்டாரம்) நிலநடுக்கத்தில் டோக்கியோவின் ஹோன்ஜோ பகுதியில் ஒரு திறந்தவெளியில் ஒதுங்கியிருந்த சுமார் 38,000 பேர் தீச்சுழலில் இறந்தார்கள். அங்கிருந்து அதிக தூரமில்லாத கியோசுமி தோட்டத்துக்குள் ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்தார்கள். சுற்றிலும் அடர்ந்த மரம், நடுவில் பெரிய குளம். மரம் மட்டுமே காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன், குளத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் வெட்டவெளி பாதுகாப்பு, மரம் ஆபத்து என்று அதுவரை நினைத்தவர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் புகை. இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. டோக்கியோவின் நடுவிலிருக்கும் மெய்ஜி கோயில் காடு, சுமார் 70 ஹெக்டேர், இயற்கைக் காடு அல்ல. 1915 முதல் நட்டு உருவாக்கியது. நாடெங்குமிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்கள் காணிக்கையாக வந்தன. அப்போதைய பிரதமர் ஓகுமா ஷிகெனோபு, கோயில் என்றால் மலைக்கோயில் ஊரான நிக்கோவில் இருப்பதுபோல ஓங்கி உயர்ந்த சுகி மரங்கள் (ஜப்பானிய ஊசியிலை மரம்) வேண்டும் என்றார். திட்டம் போட்ட வனவியலாளர் ஹோண்டா செய்ரோகுவும் அவருடைய மாணவர்களும் முடியாது என்று நின்றார்கள். டோக்கியோவில் வளர்ந்த சுகியையும் நிக்கோவில் வளர்ந்த சுகியையும் அறுத்து, வளர்ச்சி வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பக்கத்திலேயே ரயில், நகரமெல்லாம் நிலக்கரிப் புகை, இதில் சுகி தாங்காது, காஷியும், ஷீ என்ற இன்னொரு பசுமை மாறாத மரமும், கற்பூர மரமும்தான் தாங்கும் என்றார்கள். பிரதமர் விட்டுக்கொடுத்தார். முதலில் ஊசியிலை மரங்கள் உயரமாக நிற்கட்டும், அடியில் காஷி வகைகள் மெல்ல எழுந்து நூறு, நூற்றைம்பது ஆண்டில் காட்டைத் தம் கைக்குக் கொண்டுவரட்டும் என்பது அவர்கள் வரைந்த கணக்கு. கணக்கு போட்டதைவிடச் சீக்கிரமாகவே அது நடந்தது. 1945 விமானத் தாக்குதலில் கோயில் எரிந்தது, காடு பெருமளவு தப்பித்தது.

இதையெல்லாம் தாண்டி, தெருமரமாக ஷிராகாஷிக்கு இருக்கும் பெரிய பலம் கத்தரி தாங்குவது. எவ்வளவு வெட்டினாலும் தழைக்கும். மின்கம்பியின் கீழே குட்டையாகவும் வைக்கலாம், பூங்காவில் விட்டால் 20 மீட்டர் வரை போகும். கன்று நிழலிலும் பிழைக்கும். பசுமை மாறாத ஓக்குகளில் குளிர் தாங்குவதிலும் இது முன்வரிசை. அதனால்தான் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கான்டோ மேட்டுநிலத்தில் இது ராஜா. கடலோரமாக இருந்தால் உபாமேகாஷி என்ற சின்ன இலை ஓக்கை வைக்க வேண்டும். உப்புக்காற்றுக்கு அதுதான் சரி. பின்சோதான் என்ற புகழ்பெற்ற கரியும் அதிலிருந்துதான் வருகிறது. ஜப்பானுக்கு வெளியே அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரமும் ஷிராகாஷியைத் தெருமரப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அங்கே மழைக்காலம் குளிர்காலம் என்பதால், இலை தாங்கி நிற்கும் மரத்துக்கு மதிப்பு.

நோய் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் டோக்கியோ பூங்காக்களில் கடந்த சில ஆண்டுகளாக ஓக் சாகிறது என்ற செய்தியை நண்பரும் பார்த்திருப்பார். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு ஓக் தண்டைத் துளைத்து உள்ளே போகிறது. அதன் உடம்போடு ஒரு பூஞ்சையும் போய், நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. ஆகஸ்டில் ஒரு கொனாரா மரம் (நாரா வகைகளில் ஒன்று) திடீரென்று இலையெல்லாம் செம்பு நிறமாகி நின்றால், அடியைப் பாருங்கள். தச்சுப் பட்டறையில் சலித்துக் கொட்டியதுபோல மாவாக மரத்தூள் குவிந்திருக்கும். அந்த மரம் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். வண்டின் ஜப்பானியப் பெயரிலேயே "காஷி" இருக்கிறது, ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அதிகம் சாவது மிசுனாராவும் கொனாராவும்தான். காஷி வகைகளையும் துளைக்கும், அவை அவ்வளவு எளிதில் சாவதில்லை. விறகுக்கும் கரிக்கும் வெட்டி வந்த கொனாரா தோப்புகளை 1960களுக்குப் பிறகு யாரும் வெட்டாமல் விட்டார்கள். மரங்கள் கிழமாகிப் பருத்தன, வண்டுக்கு அது விருந்து. அந்தத் தோப்புகளின் அடியில் இப்போது குனிந்து பார்த்தால், தானாக முளைத்த ஷிராகாஷிக் கன்றுகள் வரிசையாக நிற்கும்.

ஷிராகாஷிக்கே உரிய தொல்லை வேறு. இலையைத் திருப்பினால் அடியில் காப்பிப்பொடியைத் தூவித் தேய்த்ததுபோல ஊதாப் பழுப்பில் ஒரு படலம் இருக்கும். அது ஒருவகைச் சாம்பல் நோய். மரம் சாகாது, பார்க்க அசிங்கமாக இருக்கும். காற்றுப் போகாமல் அடைத்து வளர்ந்த வேலியில்தான் இது அதிகம். மருந்து அடிப்பதைவிட உள்கிளைகளைக் கலைத்துவிடுவதுதான் மேல்.

இப்போது இரண்டாவது கேள்வி: வீட்டில் வைக்கலாமா? வைக்கலாம். எங்கே என்பதுதான் விஷயம். நான் செய்த தப்பையே சொல்கிறேன். முதல் வீட்டுக்குக் குடிபோனபோது, தோட்ட வேலைக்கு வந்தவர் "இப்போது எல்லாரும் இதைத்தான் வைக்கிறார்கள்" என்று, அடியிலிருந்து நாலைந்து தண்டு கிளம்பிய அழகான ஷிராகாஷி ஒன்றைத் தெற்குப் பக்கம், கூடத்து ஜன்னலுக்கு நேராக நட்டுவிட்டுப் போனார். எனக்கும் பிடித்திருந்தது. நாலாவது குளிர்காலத்தில் கூடத்துக்கு வெயில் வருவது நின்றது. டிசம்பர் சூரியன் தாழ்வாக வரும், இந்த மரமோ ஓர் இலையையும் விடாது. மெத்தை காயவில்லை, சன்னல் ஓரம் ஈரம் கட்டியது, பகலில் விளக்குப் போட்டோம். ஏழாவது வருடம் பாதிக்கு வெட்டினேன், மறு வருடம் அது மூர்க்கமாகத் தழைத்தது. பழைய பண்ணை வீடுகளில் தெற்கே இலையுதிர் மரம், வடக்கும் மேற்கும் காஷி என்று ஏன் வைத்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே தெற்கே ஒரு நிழல் வேண்டுமென்றால் வேறு மரம் பாருங்கள். ஷிராகாஷியை வடக்கோ மேற்கோ வையுங்கள், சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி.

வருடம் ஒருமுறையாவது கவாத்து உண்டு, ஜூன் கடைசியில் செய்வது நல்லது. கடுங்குளிரில் வெட்டாதீர்கள். ஏணி ஏற முடியாத உயரத்துக்கு விட்டுவிட்டால் ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும், செலவு சும்மா இல்லை. கிளை பக்கத்து வீட்டுக்குள் நீண்டாலும் கவனம் வேண்டும். முன்பெல்லாம் எல்லை தாண்டி வந்த வேரைப் பக்கத்து வீட்டார் வெட்டலாம், கிளையை வெட்டக் கூடாது. 2023 ஏப்ரலில் ஜப்பானிய உரிமையியல் சட்டம் மாறியது. வெட்டச் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் நீங்கள் வெட்டாவிட்டால், இப்போது அவரே வெட்டிக்கொள்ளலாம். அந்த நிலைமை வரும்வரை விடாதீர்கள், பக்கத்து வீட்டு ஒகுசானின் (வீட்டுக்கார அம்மாவின்) முகம் மாறிவிட்டால் திரும்பப் பெறுவது கஷ்டம்.

இன்னொன்று, இலை உதிர்க்காது என்றால் குப்பை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் செந்நிறத் துளிர் வரும்போது பழைய இலைகள் மொத்தமாக விழும். தோல்போல விறைப்பான இலை, லேசில் மக்காது, மழைநீர்க் குழாயை அடைக்கும். கூடவே பூஞ்சரங்களும் பழுப்பு நூலாக உதிர்ந்து காரின் மேல் படியும். இலையுதிர் காலத்தில் எல்லாரும் கூட்டி முடித்து ஓய்ந்தபிறகு, வசந்தத்தில் நீங்கள் மட்டும் தெருவில் துடைப்பத்தோடு நிற்பீர்கள். அக்டோபர் கடைசியில் கொட்டை விழும்போது நடைபாதை உருளைக்குண்டு போட்டதுபோல வழுக்கும்.

வெட்டிய கிளை தடியாக இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நிழலில் மெதுவாக உலர்த்தினால் சுத்தியல் பிடிக்கு இதைவிட நல்ல கட்டை கிடையாது. ஜப்பானியத் தச்சரின் இழைப்புளிக் கட்டை பெரும்பாலும் இதில் செய்வதுதான். வாள் பயிற்சிக்கான மரவாளும் அப்படியே. மியாசாகி மாவட்டத்து மியாகோனோஜோ ஊர் மரவாளுக்குப் பேர்போனது.

மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில்: சென்னைக்கு வேண்டாம். விதைப்பதற்காக விதையை அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி தவறு என்பது ஒருபக்கம். இந்த மரத்தின் உடம்பு குளிர்காலத்தை எண்ணியே அமைந்தது என்பது இன்னொரு பக்கம். மே மாத அனலும் கடல் உப்பும் சேர்ந்தால் அது தவிக்கும். ஊட்டி, கொடைக்கானலில் குளிர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வரலாம், வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். சீகை மரத்தை (ஆங்கிலத்தில் வாட்டில்) இப்படித்தான் "நன்றாக வருகிறது" என்று கொண்டுவந்து நட்டார்கள். நீலகிரியின் புல்வெளியை அது எப்படி விழுங்கியது என்பதை மலைக்காரர்களிடம் கேளுங்கள்.

ஆனால் ஷிராகாஷிக்கும் சென்னைக்கும் ஓர் உறவு ஏற்கெனவே இருக்கிறது. மியாவாக்கி காடு என்று எல்லா மாநகராட்சியும் இப்போது நடுகிறதே, சென்னை கோட்டூர்புரத்தில் 2020 வாக்கில் தொடங்கியதுபோல, அந்த முறையை உருவாக்கிய அகிரா மியாவாக்கி யோகோஹாமாவில் வேலை பார்த்த தாவரவியலாளர். 1928இல் பிறந்து 2021இல் மறைந்தார். 1958 முதல் ஜெர்மனியில் ராய்ன்ஹோல்ட் ட்யூக்ஸனிடம் பயின்றபோது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வந்தார்: மனிதன் கைவைக்காமல் விட்டால் இந்த மண்ணில் எந்தக் காடு நிற்கும்? ஜப்பானில் அதற்கு விடை ஊர்க்கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்ட தோப்புகளில் கிடைத்தது, நம் ஊர் கோயில்காடு மாதிரிதான். கான்டோ மேட்டுநிலத்தில் அந்த விடை ஷிராகாஷிக் காடு. அந்த மரத்தை நட்டதால் அது மியாவாக்கி காடாகவில்லை, அந்த மண்ணுக்கு உரிய மரத்தை நட்டதால் ஆயிற்று. சென்னையில் அதே கேள்வியைக் கேட்டால் புங்கனும் இலுப்பையும் மகிழும் நாவலும்தான் பதிலாக வரும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது தெருத்தெருவாகக் கிடந்தவற்றில் வெளிநாட்டு அலங்கார மரங்கள் எத்தனை என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மகள் பொறுக்கிய கொட்டைகளை எறியச் சொல்லாதீர்கள். சைத்தாமாவிலேயே நடலாம், அது அந்த மரத்தின் சொந்த மண். ஒரு வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் போடுங்கள். மிதப்பவற்றில் பெரும்பாலும் புழு இருக்கும், அவற்றை எடுத்துவிடுங்கள். மூழ்கியதை அன்றைக்கே விதைக்க வேண்டும். நெல், உளுந்துபோல உலர்த்திப் பத்திரப்படுத்த நினைத்தால் செத்துவிடும், ஓக் கொட்டை காயவே கூடாது. ஈரமாகவே வையுங்கள். ஆழமான தொட்டி எடுங்கள், ஏனென்றால் ஆணிவேர்தான் முதலில் போகும், மேலே ஒன்றும் தெரியாது. குழந்தை தினமும் வந்து பார்த்து "வரவே இல்லை" என்பாள். எலி கிளறாமல் மேலே ஒரு கம்பி வலை போட்டு, வடக்குச் சுவரோரம் வைத்துவிட்டு, மார்ச் வரை மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் தீக்குச்சி அளவுக்குச் சிவப்பாக ஒரு முளை எட்டிப் பார்க்கும்.